பாட்டியின் கட்டில் பெஞ்சாக மாற 7 மாதம் ஆனது

இரண்டு வார இறுதியில் முடித்துவிடலாம் என்றுதான் ஆரம்பித்தேன். பாட்டி போன பிறகு அவருடைய மரக்கட்டில் மூன்று ஆண்டுகளாகச் சுவரோரம் சாய்ந்து கிடந்தது. படுக்க ஆளில்லை, தூக்கிப் போட மனமில்லை. தலைமாட்டுப் பலகையைச் சாய்மானமாக வைத்து, கால்மாட்டுப் பலகையை நடுவில் அறுத்து இரண்டு பக்கமும் கைப்பிடியாக்கி, பக்கச் சட்டங்களை முன்னும் பின்னும் கொடுத்தால் கூடத்தில் போட ஒரு பெஞ்சு கிடைக்கும் என்று 12 நிமிட வீடியோ ஒன்றில் பார்த்தேன். அதில் வந்தவர் வியர்வைகூடச் சிந்தவில்லை. எனக்கு ஏழு மாதம் ஆனது. ஒரு நோட்டில் மணிக்கணக்கு எழுதி வைத்தேன். மொத்தம் 140 மணி நேரம். அதில் பெஞ்சு என்று சொல்லத்தக்க ஒன்றைச் செய்தது வெறும் 22 மணி நேரம்தான். மீதி எல்லாம் கழற்றியது, சுரண்டியது, காத்திருந்தது, செய்ததை மறுபடி செய்தது. பழைய மரம் கையில் இருப்பதால் செலவே இல்லை என்று கணக்குப் போட்டிருந்தேன். கடைசியில் புதிதாக ஒரு நல்ல பெஞ்சு வாங்க ஆகும் பணத்தில் முக்கால்வாசியைச் செலவழித்திருந்தேன்.

முதல் தவறு முதல் மணி நேரத்திலேயே நடந்தது. கட்டிலைக் கழற்ற சுத்தியலை எடுத்தேன். மூன்று மூலைகள் ஆட்டம் கண்டு வந்துவிட்டன. நான்காவது அசையவில்லை. கோபத்தில் ஓங்கி அடித்ததும் ‘சடக்’ என்று உள்ளே ஏதோ முறிந்தது. சட்டத்தின் முனையில் துளைக்குள் போய் உட்காரும் கழுந்து பாதியில் உடைந்திருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அந்த மூட்டைக் குறுக்கே ஒரு மர ஆணி பிடித்துக்கொண்டிருந்தது. பெயிண்ட் மூடியதால் கண்ணுக்குத் தெரியவில்லை. அதை மறுபக்கத்திலிருந்து ஒரு மெல்லிய கம்பியால் தட்டித் தள்ளியிருந்தால் மூட்டு தானாக வந்திருக்கும். பழைய சாமான்களில் மூட்டு இறுகியிருந்தால் அடிப்பதற்கு முன் மர ஆணி இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள், சின்ன வட்டமாக மேடோ பள்ளமோ தட்டுப்படும். ஆணியும் இல்லை, அப்படியும் வரவில்லை என்றால் உள்ளே வச்சிரம் இருக்கலாம். அந்தக் காலத்துத் தச்சர்கள் மாட்டுத்தோல், எலும்பிலிருந்து காய்ச்சிய இந்தப் பசையைத்தான் ஒட்டுவதற்குப் பயன்படுத்தினார்கள். அதற்கு ஒரு நல்ல குணம், சூடும் ஈரமும் பட்டால் இளகிவிடும். கொதிக்கும் நீரில் நனைத்த துணியை மூட்டின்மேல் சுற்றிக் கொஞ்ச நேரம் விட்டால் போதும், மெல்ல ஆட்டி ஆட்டி எடுத்துவிடலாம். மறுபடி ஒட்டும்போது அந்தப் பழைய பசையைச் சுத்தமாகச் சுரண்டிவிட வேண்டும். இன்றைய வெள்ளைப் பசை மரத்துக்குள் ஊறித்தான் பிடிக்கும், பழைய பசை மேல் அதற்குப் பிடிமானம் கிடைக்காது.

கழற்றும்போது எந்தத் துண்டு எங்கே இருந்தது என்று எண் போட்டு வைக்கவும் இல்லை. எல்லாம் ஒரே மாதிரிதானே என்று நினைத்தேன். கையால் செய்த சாமானில் எந்த இரண்டு மூட்டும் ஒரே அளவில் இருப்பதில்லை. அப்புறம் ஒரு முழு மாலை, எந்தக் கழுந்து எந்தத் துளைக்குச் சேரும் என்று ஜோடி பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கால்மாட்டுப் பலகையை அறுத்தபோது மின் ரம்பம் ஒரு கத்தல் கத்தியது, பொறி பறந்தது, கையை உதறி எடுத்தேன். உள்ளே ஒரு ஆணி. தலை முறிந்து, மேலே பட்டி பூசி மறைத்திருக்கிறார்கள். ரம்ப வட்டின் ஏழெட்டுப் பற்கள் போயின. புதிய வட்டு வாங்கிய காசைவிட, அந்தப் பற்களில் ஒன்று என் முகத்துக்கு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற நினைப்புதான் இரண்டு நாள் வேலையைத் தொடவிடவில்லை. கண்ணாடி போட்டிருக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தம் ஒன்று வீட்டில் சும்மாதான் கிடந்தது. அதைப் பலகை நெடுகத் தேய்த்துக்கொண்டே போனால் ஆணி இருக்கும் இடத்தில் இழுக்கும். இது அறுத்த பிறகு எனக்கு வந்த ஞானம்.

இனி பெயிண்ட். இதை மட்டும் படித்துவிட்டு மற்றதை விட்டாலும் எனக்குச் சம்மதம்.

தலைமாட்டுப் பலகையில் மேலே பழுப்பு, அதற்குக் கீழே பச்சை, அடியில் பளீரென்ற மஞ்சள் என்று மூன்று பூச்சு இருந்தது. மூன்று தலைமுறை ரசனை என்று சிரித்துக்கொண்டேன். சாண்டர் மெஷினில் 80 எண் உப்புத்தாளைப் போட்டு, கூடத்திலேயே, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, மூக்கில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு இரண்டு நாள் தேய்த்தேன். வீடு முழுக்கத் தூசி. விளக்குமாற்றால் பெருக்கினேன். மூன்றாம் நாள் அக்கா வந்தாள், இரண்டு வயதுப் பையனுடன். அவன் தரையில் தவழ்ந்தான், கையை வாயில் வைத்தான், மெஷினைத் தொட்டுப் பார்த்தான். நான் அதைப் படம்கூட எடுத்தேன். அவர்கள் கிளம்பிப் போன பிறகு, அந்த மஞ்சள் ஏன் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறது என்று தேடப் போய்த்தான் ஈயம் பற்றிப் படித்தேன். பழைய மஞ்சள், ஆரஞ்சுப் பூச்சுகளில் ஈயக் குரோமேட் என்ற நிறமி சேர்ப்பது வழக்கமாக இருந்திருக்கிறது. பூச்சு சீக்கிரம் காயவும் ஈயச் சேர்மங்களைச் சேர்த்திருக்கிறார்கள். பூச்சு பெயராமல் இருக்கும்வரை பெரிய தொந்தரவில்லை. உலரத் தேய்த்துத் தூளாக்கும்போதுதான் அது மூச்சிலும் விரல் வழியாக வாயிலும் போகிறது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும், இரத்தத்தில் இவ்வளவு இருந்தால் பாதுகாப்பு என்று சொல்லும்படி ஓர் அளவே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

அக்காவுக்கு ஃபோன் பண்ண எனக்கு ஒரு மணி நேரம் பிடித்தது. அவள் திட்டவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. ஈயம் பட்டால் சிவக்கும் பரிசோதனைக் குச்சி ஒன்று வாங்கி, பலகை ஓரத்தில் மூன்று அடுக்கும் தெரியும்படி சாய்வாகக் கீறித் தடவினேன். சிவந்தது. பையனுக்கும் எனக்கும் இரத்தப் பரிசோதனை எடுத்தோம். முடிவு வர ஐந்து நாள் ஆனது. கவலைப்படும் அளவில் இல்லை என்று மருத்துவர் சொன்னார். அந்த ஐந்து நாளில் நான் பெஞ்சைப் பற்றி நினைக்கவே இல்லை.

நான் செய்திருக்க வேண்டியது இதுதான். எவ்வளவு பழையது என்று தெரியாத பூச்சு என்றால், சந்தேகம் தீரும்வரை ஈயம் இருப்பதாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். குச்சிகள் சில நேரம் தவறவிடும், அதனால் ‘இல்லை’ என்று காட்டினாலும் குழந்தை புழங்கும் வீடாக இருந்தால் ஒரு செதிலை ஆய்வகத்துக்கு அனுப்புவது நல்லது. உறுதியாகிவிட்டால் மெஷினைத் தொடக்கூடாது. வெளியே, தரையில் பெரிய பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு, பூச்சை நனைத்துக்கொண்டே கைச் சுரண்டியால் எடுக்க வேண்டும். துணி முகமூடி இதற்கு உதவாது, முகத்தில் இடைவெளியில்லாமல் பொருந்தும் என்95 அல்லது அதற்கும் மேலானது வேண்டும். பெருக்கக்கூடாது, ஈரத்துணியால் துடைத்து அந்தத் துணியையும் கட்டி எறிய வேண்டும். போட்டிருந்த உடையைத் தனியாகத் துவைக்க வேண்டும். சூடான காற்று அடிக்கும் கருவியை வைத்து உரிக்கிறவர்கள் சூட்டைக் குறைவாக வைத்துக்கொள்ள வேண்டும், 600 டிகிரி செல்சியஸை நெருங்கினால் ஈயம் ஆவியாகவே வரும். நான் பிறகு களிம்பு போன்ற பெயிண்ட் நீக்கியைத் தடவித்தான் எடுத்தேன். அதிலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது. டப்பாவில் மெத்திலீன் குளோரைடு என்று போட்டிருந்தால் வாங்காதீர்கள். மூடிய அறைக்குள் அதை வைத்து வேலை செய்தவர்கள் மயங்கி இறந்தே போயிருக்கிறார்கள். பெயிண்ட் நீக்கியாகப் பொதுமக்களுக்கு அதை விற்பதை அமெரிக்கா 2019-இல் தடை செய்தது. மற்ற வகைகள் மெதுவாக வேலை செய்யும், ராத்திரி தடவிவிட்டுக் காலையில் சுரண்ட வேண்டும். தலைமாட்டில் செதுக்கிய கொடி வேலைப்பாடு இருந்ததால் பல் துலக்கும் பிரஷும் மூங்கில் குச்சியுமாக உட்கார்ந்தேன். நோட்டுக் கணக்குப்படி பெயிண்டுக்கு மட்டும் 61 மணி நேரம்.

பெயிண்ட் போனதும் அடியில் இருந்த மரம் நிஜமாகவே கண்ணைப் பறித்தது. தேன் நிறத்தில், வரி வரியாக. ஆனால் பக்கச் சட்டங்கள் மட்டும் வேறு மாதிரி, வெளிறிப்போய் இருந்தன. அவற்றில் ஒரே ஒரு பூச்சு, அந்தப் பழுப்பு மட்டும். இதைப் பார்த்த உடனே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. ஒரு வாரம் கழித்து, சாய்த்து வைத்திருந்த சட்டத்தின் கீழே சப்பாத்தி மாவைத் தூவியது போல ஒரு சிறு குவியல். துடைத்தேன். மறுநாள் மறுபடி. தெரிந்தவர் ஒருவர் மூலமாக, வேலையை விட்டு ஓய்வாக இருக்கும் தச்சர் ஒருவரை அழைத்து வந்தேன். அவர் உட்காரக்கூட இல்லை.

“ஏம்மா, இந்தச் சட்டம் கட்டிலோட பொறந்தது இல்லையே?”

“எப்படிச் சொல்றீங்க ஐயா?”

“பலகை வைரம் பாஞ்ச தேக்கு. இது வெறும் வெள்ளை. பின்னாடி யாரோ மாத்தி, வித்தியாசம் தெரியக்கூடாதுன்னு மொத்தத்துக்கும் பழுப்பு அடிச்சிருக்காங்க. வண்டுக்கு இதுதான் விருந்து.”

சட்டத்தைத் திருப்பி அடிப்பக்கத்தைக் காட்டினார். பெயிண்ட் படாத அந்தப் பக்கம் முழுக்க ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அகலத்தில் துளைகள். இந்த வண்டு பூச்சு இல்லாத மரத்தின் நுண்துளைகளில்தான் முட்டையிடும். மரத்தின் வெளிப்புற வெள்ளைப் பகுதியில் இருக்கும் மாவுச்சத்துதான் புழுவுக்குச் சாப்பாடு, நடுவிலுள்ள வைரத்தை அது சீண்டாது. வெளியிலிருந்து நாம் பார்க்கும் துளை அது உள்ளே போன வழி அல்ல, தின்று முடித்து வெளியேறிய வழி. அதனால் துளை இருப்பதை வைத்து மட்டும் உள்ளே இன்னும் உயிர் இருக்கிறதா என்று சொல்ல முடியாது. அதற்கு அவர் சொன்ன வழி எளிமையானது, ஒரு கறுப்புத் தாளை அடியில் விரித்து வைத்துப் புதிதாகப் பொடி விழுகிறதா என்று சில வாரம் பார்ப்பது. முன் சட்டத்தை அவர் உளியால் அழுத்தியதும் பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது, அதை எரிக்கச் சொல்லிவிட்டார். பின் சட்டத்தில் ஒரு முனையில் மட்டும் ஏழெட்டுத் துளைகள். அதற்குப் போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலை மரம் குடிக்கும் மட்டும் நான்கு முறை பூசினேன். வெறும் மரத்தில்தான் இது உள்ளே இறங்கும், வார்னிஷுக்கு மேல் பூசினால் வீண். புழு உள்ளே ஓராண்டு, சில நேரம் அதற்கு மேலும் இருந்துவிட்டு வரும் என்பதால் இப்போதைக்கு ஒன்றும் விழவில்லை என்று நிம்மதியாக இருந்துவிடவும் முடியாது. அவ்வளவும் தெரிந்தும் அந்தச் சட்டத்தை வைத்துக்கொண்டேன். பாட்டியின் கட்டிலில் அது பின்னால் வந்த துண்டுதான் என்று அப்போது தெரிந்துவிட்டது, பிறகு எதற்குப் பாசம் என்று கேட்டால் பதில் இல்லை.

முன் சட்டத்துக்கும் உட்காரும் பலகைக்கும் புது மரம் வாங்க வேண்டி வந்தது. மூன்று பலகைகளைப் பக்கம் பக்கமாக ஒட்டி 42 செ.மீ. அகலத்துக்கு ஒரு இருக்கை செய்தேன். அது ஆடக்கூடாதே என்று சுற்றிலும் பசை பூசி, முன்னும் பின்னும் திருகாணிகளை இறுக்கிவிட்டேன். பெஞ்சு முடிந்தது. படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பினேன். ஏழு வாரம் கழித்து, நள்ளிரவில் பட்டாசு போல ஒரு சத்தம். விளக்கைப் போட்டுப் பார்த்தால் இருக்கையின் நடுவே ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஒரு பிளவு, ஒரு நாணயம் நுழையும் அகலத்தில். உண்மையாகவே தரையில் உட்கார்ந்து அழுதேன். மரம் நீளவாக்கில் ஏறக்குறைய அசையாது, அகலவாக்கில் காற்றின் ஈரத்துக்கேற்ப விரியும், சுருங்கும். அதன் ஈரப்பதம் 4 சதவீதம் குறைந்தால் அகலத்தில் சுமார் ஒரு சதவீதம் சுருங்கும் என்று வைத்துக்கொண்டால், 42 செ.மீ.யில் அது 4 மில்லிமீட்டர். இரண்டு ஓரத்தையும் நான் பூட்டிவிட்டதால் அது எங்கே போகும்? நடுவில் கிழிந்தது. வாங்கிய பலகை நன்றாகக் காயாததும் ஒரு காரணம். ஓர் அங்குலக் கனத்துக்கு ஓராண்டு காற்றில் உலர வேண்டும் என்பது தச்சர்கள் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. வாங்கியதை வீட்டுக்குள் அடுக்கி, இடையில் குச்சி கொடுத்துச் சில வாரமாவது விட்டிருக்க வேண்டும். பலகையைச் சட்டத்தோடு பசை போட்டு ஒட்டவே கூடாது. திருகாணிக்கு வட்டத் துளைக்குப் பதில் மரம் அசையும் திசையில் நீண்ட துளை போட்டு, மரம் நகர இடம் விட்டுத்தான் பூட்ட வேண்டும். பிரித்து, பிளவை இழைத்து, மறுபடி ஒட்டி, நீள்துளை போட்டு மாட்ட 15 மணி நேரம். இழைத்ததில் இருக்கை ஒரு சென்டிமீட்டர் குறைந்துவிட்டது. யாரும் கவனிக்கவில்லை, எனக்கு மட்டும் தெரியும்.

மெருகுக்கு ஆளிவிதை எண்ணெய் போட்டேன். பூசுவது சுகமான வேலை, துணியில் தோய்த்துத் தேய்த்தால் மரம் நிறம் கூடிக்கொண்டே வரும். முடித்துவிட்டு அந்தத் துணிகளைச் சுருட்டி ஒரு பிளாஸ்டிக் வாளியில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தபோது ஒரு மாதிரி காரமான வாசனை. வாளிக்குள் கை விட்டால் துணி உருண்டையின் நடுப்பகுதி சுட்டது. இந்த எண்ணெய் தண்ணீர் போல ஆவியாகிக் காய்வதில்லை, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்துதான் இறுகுகிறது, அப்போது வெப்பம் வெளிவரும். விரித்த துணியில் அந்த வெப்பம் போய்விடும். சுருட்டிய துணியில் உள்ளேயே தங்கி ஏறிக்கொண்டே போய், நெருப்பே வைக்காமல் தீப்பிடித்துவிடும். 1991 பிப்ரவரியில் பிலடெல்ஃபியாவில் 38 மாடிக் கட்டடம் ஒன்று எரிந்து மூன்று தீயணைப்பு வீரர்கள் இறந்த விபத்து, மரவேலைக்குப் பயன்படுத்திய இப்படிப்பட்ட எண்ணெய்த் துணிகளிலிருந்துதான் தொடங்கியது. துணிகளை வெளியே ஒற்றை ஒற்றையாக விரித்துக் காயப்போட வேண்டும், அல்லது மூடியுள்ள உலோக டப்பாவில் தண்ணீரில் முக்கி வைக்க வேண்டும். எண்ணெய் டப்பாவின் பின்பக்கம் இது சின்ன எழுத்தில் அச்சாகியிருந்தது. நான் முன்பக்கத்தை மட்டும் படித்திருந்தேன்.

இத்தனைக்கும் பிறகு பெஞ்சு உட்கார வசதியாக இருக்கிறதா என்று கேட்டால், சுமார்தான். தலைமாட்டுப் பலகை செங்குத்தாக நிற்கும்படி செய்யப்பட்டது, கட்டிலுக்கு அது போதும். உட்காருகிறவரின் முதுகுக்கு ஐந்து முதல் பத்து டிகிரியாவது பின்னால் சாய வேண்டும். இருக்கை உயரத்தை 45 செ.மீ. என்று சரியாக வைத்த நான் சாய்மானத்தை யோசிக்கவே இல்லை. இப்போது இரண்டு தலையணை கொடுத்துச் சமாளிக்கிறோம், கொடி வேலைப்பாடு முழுக்க அதற்குப் பின்னால் மறைந்துவிட்டது. பல் துலக்கும் பிரஷை வைத்துக்கொண்டு உட்கார்ந்த அத்தனை மணி நேரமும் தலையணைக்குப் பின்னால். அறுப்பதற்கு முன் பலகையைச் சுவரோரம் நிறுத்தி, முன்னால் ஒரு முக்காலியைப் போட்டு அரை மணி நேரம் சாய்ந்து உட்கார்ந்து பார்த்திருந்தாலே இது தெரிந்திருக்கும்.

அக்கா போன மாதம் ஒரு பழைய அலமாரியின் படத்தை அனுப்பி, “இதை வெச்சு ஏதாவது பண்ணலாமா?” என்று கேட்டாள். கதவு ஓரத்தில் நீர் பட்டு உப்பியிருந்தது, உள்ளே மரத்தூளை அழுத்திச் செய்த பலகை. அது ஒருமுறை ஊறினால் பழைய நிலைக்குத் திரும்பாது, திருகாணியும் பிடிக்காது. மேலே ஒட்டியிருக்கும் மர ஏடோ அரை மில்லிமீட்டர்தான், மெஷின் வைத்தால் ஒரே இழுப்பில் போய்விடும். வேண்டாம் என்று சொன்னேன். “அப்பாடா” என்று பதில் வந்தது.

பையன் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்துதான் செருப்பு மாட்டிக்கொள்கிறான். பின் சட்டத்துக்கு நேர் கீழே கறுப்புத் தாள் இன்னும் கிடக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை எடுத்துப் பார்த்தேன். தூசி இருந்தது, ஒரு செத்த எறும்பு இருந்தது, மாவு இல்லை. தட்டிவிட்டு மறுபடி விரித்து வைத்திருக்கிறேன்.